ஆடியில் வாடை

புதுவயலில் கடல் இல்லை.
நெல் அவிக்கும் ஆவி உண்டு, தவிட்டுத் தூசி உண்டு,
மூன்றாம் ஷிப்டில் பெல்ட் அறுந்து மில் நின்றால்
அந்த அமைதியில் ஊரே விழித்துப் புரண்டு படுக்கும்.
கணக்கெழுதும் மேசையில்,
லாரி வராத இடைவெளிகளில்,
ஓர் இங்கிலீஷ்காரனின் கடலைத்
தமிழுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறேன்.
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
"கவிதைன்னா பாதிப் பக்கம்தானே" என்கிறார்
காரைக்குடிப் பதிப்பாளர் சோலையப்பன்.
அவர் வீட்டுத் தேக்குத் தூண்கள் கடல் தாண்டி வந்தவை.
அவர் தாண்டியது தேவகோட்டை ரஸ்தா வரைக்கும்.

எழுதியவன் கப்பலேறியதும் ஒரே முறை.
பதினேழு நாள் குமட்டி,
இரண்டாம் துறைமுகத்தில் தண்ணீர் குடிக்க இறங்கியவன்
திரும்பி ஏறவே இல்லை.
பிறகு, முட்டைக்கோஸ் வயல் தெரியும் ஜன்னலோரம்
பதினொரு புத்தகம்.
அத்தனையிலும் உப்பு.
முன்னுரையில் இதைப் படித்த அன்றுதான்
அவனை எனக்குப் பிடித்துப்போனது.

பாட்டில் குறை சொல்ல முடியாது.
நீண்ட அடி ஒன்று எழும்,
குட்டையடி
இரண்டு உடையும்,
நுரை மாதிரி ஒரு சொல் வரியோரம் தங்கிவிடும்.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
சாக்கு தைத்துக்கொண்டிருந்த முத்துக்கருப்பி
ஊசியை நிறுத்தி,
"யாரு செத்தது?" என்றாள்.

இடறியது சாகசக் கதையில்.
அத்தியாயம் ஒன்பது, ஜூலை மாதம்,
நம் கரையை ஒட்டித் தெற்கே ஓடுகிறது கப்பல்,
வடகாற்றில் பாய் புடைத்து.
கயிறுகளுக்குப் பெயர் தெரியாமல்
செவ்வாய்தோறும் கட்டுமாவடியிலிருந்து
மொபெட்டில் மீன் கொண்டுவரும்
நைனா முகம்மதுவைக் கேட்டேன்.
தாமான் என்றார், பருமல் என்றார்,
அணியம் எது பிற்றலை எது என்று
ஐஸ்பெட்டி மூடியின் ஈரத்தில் விரலால் வரைந்தார்.
கதையையும் கேட்டார். கேட்டுச் சிரித்தார்.
"ஆடியில வாடையா? கச்சானில்ல அடிக்கும்!
இந்தக் கப்பல் இப்படித் தெக்க ஓடாதும்மா.
ஒங்காளு கரையில குந்திக்கிட்டுப் பொய் சொல்றாரு."
நகரை மீன் கால் கிலோ கூடுதலாகப் போட்டார்,
அவனுக்கு நான் சொந்தக்காரி என்பதுபோல.

காற்றைத் திருப்பினால் கப்பல் பின்னால் போகும்.
கள்ளக் கேப்டன் பிடிபடமாட்டான்.
மிச்சம் பதினான்கு அத்தியாயம் நடக்காது.
ஆகவே மாதத்தை மாற்றினேன். கார்த்திகை.
மாற்றிய மறுவரியில் மாம்பழம் காணாமல் போனது,
தளத்துக் கூடையிலிருந்து பையன் திருடுவானே, அது.
கார்த்திகையில் மாம்பழம் ஏது?
வாழைத்தார் என்று எழுதினேன்.
சட்டையில் வழிந்த மஞ்சள் சாற்றால் பிடிபடுவான் அவன் கதையில்.
என் கதையில் வாழைக்கறை:
கடலில் அலசினாலும்,
சாம்பல் வைத்துத் தேய்த்தாலும்,
காயக் காயக் கறுக்கும் கறை.
அவன் பையனைவிட
என் பையன் நன்றாக மாட்டிக்கொண்டான்.

"யாரு கவனிக்கப்போறா?" என்றார் சோலையப்பன்,
ரசீதில் கையெழுத்து வாங்கியபடி.
அதுதான் இரவெல்லாம் குடைந்தது.
முட்டைக்கோஸ் வயலுக்கு யாராவது
ஒரு தபால் போட்டிருக்கலாம் அன்றைக்கே:
ஐயா, ஆடியில் வாடை இல்லை.

அடுத்த செவ்வாய் நைனா முகம்மது சொன்னார்,
"வந்து பாருங்களேன். தம்பி படகுல ஏத்தி
ரெண்டு பாகம் ஆழம் வரைக்கும் காட்டறேன்.
பஸ்சு அறுவது ரூவாகூட ஆகாது."
கணக்கு முடிக்கும் மாதம் என்றேன்.
போன வருடமும் அதைத்தான் சொன்னேனாம்.
எனக்குக் கூடைப்பந்து மைதான ராட்டினத்திலேயே
குமட்டும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பத்தாம் அத்தியாயத்தில் புயல்.
கொதிகலன் மூடி திறக்கிற நேரமாகப் பார்த்து
எழுத உட்கார வேண்டும்.