சேதாரம்

காலை ஒன்பதரை. கரண்ட் இல்லை.
பத்தவைக்க வேண்டிய கொலுசு பன்னிரண்டு ஜோடி
தட்டில் கிடந்தது.
நனைந்த போர்வையைக் கொடியில் போடப்
பின்பக்கம் போனேன்.

துவைகல்லின் அடியில் தேங்கும் தண்ணீருக்குத்
தினமும் வருபவை அந்தத் தவிட்டுக்குருவிகள்.
ஏழு. சில நாள் எட்டு.
அடகுக்கடை வாசலில் நிற்பவர்கள் மாதிரி
எல்லாம் ஒரே நேரத்தில் பேசும்.
நான் போடும் பழைய சோற்றைக்
குறை சொல்லிக்கொண்டேதான் தின்னும்.

அன்றைக்குப் பேச்சு
நடுச்சொல்லில் நின்றது.

எலுமிச்சைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
யாரோ ஒரு சாம்பல் துணியை வீசினாற்போல்.
அவ்வளவுதான் பார்த்தேன்.
பிறகு துவைகல் மேல் அது நின்றது,
என்னிடமிருந்து ஆறடி,
காலடியில் ஒன்றை அழுத்திக்கொண்டு.

கண் சிவப்பு.
கோவைப்பழச் சிவப்பு இல்லை.
பொடி தூவிச் சுடர் காட்டும்போது
வெள்ளி இளகுவதற்குச் சற்று முன்னால் வருமே,
அந்தச் சிவப்பு.

என்னைப் பார்த்தது.
போர்வையோடு நின்றேன்
இரண்டு கையும் தூக்கியபடி.
முழங்கை வழியே தண்ணீர்
ஜாக்கெட்டுக்குள் இறங்கியது.

பக்கத்து மாடியிலிருந்து நஸ்ரீன் கத்தினாள்:
"விரட்டு அம்சவேணி! கல்லை எடு!"
அவள் வீட்டில் கோழிக்குஞ்சு பதினொன்று.
அவள் பையன் செல்போனை நீட்டிப் பிடித்தபடி
"வைரிம்மா அது, வைரி" என்றான்.
வைரி என்றால் பகையாளி என்றும் அர்த்தம்.
யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

கல் காலடியிலேயே கிடந்தது.
எடுக்கவில்லை.
எனக்கு ஈரமில்லை என்று நஸ்ரீன் இன்றும் சொல்கிறாள்.
எனக்கு வந்த யோசனை வேறு.
செத்தது செத்துவிட்டது.
இதை இப்போது விரட்டினால்
இன்னொன்றைப் பிடிக்கும்.
ஒரு பசிக்கு இரண்டு உயிர் என்றால்
எந்த நோட்டில் எழுதுவது?

மஞ்சள் கால்கள்.
இருபது வருடமாகக்
கணுக்காலைப் பார்த்தே அங்குலம் சொல்லும் கண் இது.
ஒன்பது, ஒன்பதரை, குழந்தைக்கு ஐந்து.
அந்தக் காலுக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.
அலகால் இறகைப் பிடுங்கி ஒதுக்கியது,
அவசரமே இல்லாமல்,
கீரை ஆய்கிற மாதிரி.

உள்ளே குக்கர் விசிலடித்தது.
மூன்றில் அணைக்க வேண்டும்.
ஏழு வரை எண்ணினேன்.

பருப்பு தீய்ந்த வாசனை தோட்டத்துக்கு வந்தபோது
அது தலையைத் தூக்கி வடக்கே பார்த்தது.
சேர்வராயன் மலை அந்தப் பக்கம்தான்.
சிவதாபுரத்திலிருந்து பார்த்தால்
ஏற்காட்டு பஸ் திரும்பும் வளைவெல்லாம் தெரியாது,
நீல முதுகு மட்டும் தெரியும்.
மலையிலிருந்து இறங்கி வந்தது என்று தெருவே பேசுகிறது.
நான் பார்த்தேன், அது மலைக்குப் போகவில்லை.
டிரான்ஸ்பார்மர் பக்கத்து வேம்புக்குப் போனது.
நம் தெருக்காரன்தான்.

கல் மேல் மிச்சம்:
ஓர் அலகு, ஒரு கால்,
ஈரத்தில் ஒட்டிய தவிட்டு நிற இறகுகள்.
கழுவி விட்டேன்.
ஒரே ஓர் இறகை மட்டும்
வெள்ளித் தராசில் வைத்தேன்.

செவ்வாய்ப்பேட்டை முதலாளிக்குத்
தூளும் துண்டும் நிறுத்துக் கொடுக்க வாங்கிய தராசு.
மில்லிகிராம் காட்டும். மூச்சுப் பட்டாலும் எண் மாறும்.
மூச்சை அடக்கினேன்.
நாற்பத்தொன்று.
நாற்பது.
நாற்பத்தொன்று.

சாயங்காலம் முதலாளியின் ஆள் மாரப்பன் வந்தான்.
பன்னிரண்டில் எட்டு ஜோடிதான் முடிந்திருந்தது.
நிறுத்தான். உதட்டைப் பிதுக்கினான்.
நோட்டைத் திறந்து பேனாவை உதறினான்.
"சேதாரம் எவ்வளவுன்னு போடட்டும்க்கா?"

அப்போதுதான் அவை திரும்ப வந்திருந்தன.
துவைகல் பக்கம் போகாமல்
மருதாணிக்கு அடியில்
எல்லாம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு.
ஆறு என்று எண்ணினேன்.
ஓரிடத்தில் நிற்கிற ஜாதியா அது?
மறுபடி எண்ணினால் ஏழு வந்தது.

இரு மாரப்பா,
இன்னொரு தடவை எண்ணிவிட்டுச் சொல்கிறேன்.