இருபத்துநாலு சென்ரிமீற்றர்

இரவு முழுக்க பிஸ்கட் அளந்தவள் நான்.
பெல்ட்டில் வரும்.
குட்டையை, உடைந்ததை, ஓரம் கருகியதைத்
தள்ளிவிட வேண்டும்.
ஐந்து நாற்பதுக்கு வேலை முடிந்து
மற்றவர்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள்.
நான் சைக்கிள் கொட்டிலில் சாய்த்து வைத்த
தூண்டிற் கம்பை எடுத்துக்கொண்டு
ஆற்றுக்கு இறங்கினேன்,
விரல்களில் இன்னும் வெண்ணெய் மணக்க.

ஆற்றுக்குப் பெயர் எம்மெ.
நான் எம்மை என்பேன்.
ரெகூலா இரண்டு தடவை திருத்திவிட்டுக் களைத்துப்போனாள்.
உன் மொழியில் அதற்கு என்ன பொருள் என்று ஒருநாள் கேட்டாள்.
'எங்களை' என்றேன்.
எங்களை என்ன செய்வது?
இதற்குப் பிறகு ஒரு வினைச்சொல் வரவேண்டும்,
இன்னும் வரவில்லை என்றேன்.

ஏப்ரல்.
மலையில் உருகிய பனி
போத்தல் பச்சையாய், சத்தமில்லாமல், போய்க்கொண்டிருந்தது.
கரையெல்லாம் காட்டு உள்ளி வாசம்.
வெள்ளை மார்புக் குருவி ஒன்று
நடு ஆற்றுக் கல்லில் நின்று
யாருடைய பிழைக்கோ தோப்புக்கரணம் போட்டது.

மீன்பிடிப் பரீட்சையில் ஒரு கேள்வி:
அளவுள்ள மீன் அகப்பட்டால் என்ன செய்வீர்கள்?
(அ) படமெடுத்துவிட்டு விடுவேன்.
(ஆ) தாமதிக்காமல் கொல்வேன்.
விளையாட்டுக்கு நோகச் செய்யாதே, பிடித்தால் தின்.
இந்த நாட்டுச் சட்டத்தில்
அகராதி இல்லாமல் எனக்கு விளங்கிய முதல் வரி அதுதான்.
பதினெட்டு ஆண்களுக்கு நடுவில் இருந்து
(ஆ) போட்டேன்.
இரண்டு வசந்தமாக ஒன்றும் அகப்படவில்லை.
எழுதிய விடை எழுதியபடியே கிடந்தது.

பொய் ஈயை நானே கட்டினேன்.
இறகு, கடையில் வாங்கியது.
உடலுக்குச் சுற்றிய சிவப்பு இழை
என் கூறைச் சேலையின் உள்மடிப்பில் உருவியது.
கேதீசுக்குச் சொல்லவில்லை.

சாய்ந்த மரத்தின் வேருக்குக் கீழே
தண்ணீர் ஒருதரம் இமைத்தது.
கண்ணுக்கு மீனை உவமை சொன்னவர்கள்
இவ்வளவு நேரம் குளிரில் நின்றார்களோ தெரியாது.
எனக்கு முதலில் கண் தெரியவில்லை,
மீனும் தெரியவில்லை,
இமைப்புத்தான்.
அந்த இடத்தில் ஈயை வைத்தேன்.
பிறகு என் கை எனக்குச் சொந்தமாக இல்லை.

ட்ரவுட்.
சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி
பிழை கண்ட ஆசிரியை போட்ட வட்டம்போல் ஒரு நீலம்.
அளவுகோலில் கிடத்தினேன்.
இருபத்துநாலும்
அதற்குமேல் ஒரு நகக்கண்ணும்.
மறுபடி அளந்தேன்.
ஓரம் கருகியிருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

எதிர்க்கரையில் ட்சௌக்.
நான்கு மாதப் பழக்கத்தில் நாங்கள் பேசிக்கொண்டது
தூக்கிய இரண்டு விரல் மட்டும்.
இன்று விரலைத் தூக்கவில்லை.
திரும்பி நின்று, குனிந்து,
சப்பாத்துக் கயிறு கட்டத் தொடங்கினார்.
கட்டினார், கட்டினார்,
ஒரு கயிற்றுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

கட்டையால் இரண்டு அடி.
(ஆ).

பதிவுப் புத்தகத்தில் திகதி எழுதினேன்,
ஆற்றின் பகுதி எண், நீளம்.
பென்சில் ஈரத்தில் வழுக்கியது.
அவருடைய கயிறும் முடிந்துவிட்டது.

குசினித் தொட்டியில் வயிற்றைக் கீறினேன்.
உள்ளே மணலை மணலோடு ஒட்டிப் புழுக்கள் கட்டிய
சின்னச் சின்னக் குழாய் வீடுகள், ஏழெட்டு.
வீட்டோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது.
ஓரமாக எடுத்துவைத்த இதயம்
உளுந்தளவுதான்,
தட்டில் தனியாக அடித்துக்கொண்டிருந்தது.
கோப்பி கொதித்து இறங்கியது, அது நிற்கவில்லை.

கேதீஸ் தூக்கக் கண்ணோடு வந்து
தட்டைப் பார்த்தார்.
என் தொப்பியில் குத்தியிருந்த ஈயைப் பார்த்தார்,
கிட்டப் போய், அதன் நிறத்தை.

உப்பு எங்கே வைத்தனீர், என்றார்.