பத்தொன்பது

எண்ணுவதுதான் என் வேலை.
ஸ்காபரோ ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
ஜன்னல் இல்லாத அறை.
வயிறு திறக்கும் தட்டொன்றுக்கு
நூற்றுப் பன்னிரண்டு ஆயுதங்கள்:
கத்தரிக்கோல், இழுப்பான், கவ்வி,
நுளம்பு என்று நாங்கள் சொல்லும் சின்னக் கவ்விகள் இருபது.
ஒன்று குறைந்தால் மேலே
யாரோ ஒருவரின் தையல் பாதியில் நிற்கும்.
பதினாறு வருடம்.

மேற்பார்வையாளர் வேலை மூன்று முறை வந்தது.
மூன்று முறையும் கேட்டேன்.
முதல் தடவை, காலம் இருக்கிறது என்றார்கள்.
இரண்டாம் தடவை ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் தடவை ட்ரெவருக்குக் கொடுத்தார்கள்.
நீராவிப் பெட்டியின் கதவை
எந்தப் பக்கம் நின்று திறந்தால் முகம் அவியாது என்று
அவனுக்குக் காட்டினவள் நான்.
நல்ல பெடியன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.
என் பிறந்தநாளுக்கு டோனட் வாங்கி வருவான்.

முறைப்பாடு எழுதிய இரவு மனுசன் கேட்டார்:
"சம்பளம் ஒழுங்கா வருதுதானே, ஏன் இந்தச் சோலி?"
படிவத்தில் சோலிக்கு இடமில்லை.
அது கேட்டது: எந்தக் காரணத்தால்?
இனம், நிறம், பிறந்த இடம், பால்.
நான்கு பெட்டியிலும் கோடு போட்டேன்.
பயந்து ஒன்றை அழித்தேன்.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து
திரும்பவும் போட்டேன்.

இரண்டு வருடமும் ஐந்து மாதமும் கழித்து
அவர்களிடமிருந்து கடிதக்கட்டு வந்தது.
அதற்குள் நேர்முகத்தின் புள்ளித்தாள்.
ஐந்து கேள்வி, கேள்விக்கு ஐந்து.
எனக்கு நான்கு, ஐந்து, நான்கு, இரண்டு, நான்கு.
இரண்டு, தொடர்பாடலுக்கு.
பக்கத்தில் பென்சிலால் "உச்சரிப்பு" என்று எழுதி
அழித்திருந்தார்கள், சரியாக அழியவில்லை.
மொத்தம் பதினேழு.
ட்ரெவருக்குப் பதினெட்டு.

அந்த இரண்டைப் பார்த்துப் பார்த்து அழுததில்
மொத்தத்தைப் பார்க்க மூன்று நாள் போய்விட்டது.
அடுப்பில் பருப்பு கொதித்தது.
விரலை மடக்கினேன்.
அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்ப மடக்கினேன்.
இரண்டை இரண்டென்றே வைத்துக்கொண்டாலும்
பத்தொன்பது.

விசாரணை வீடியோவில்.
சோற்றுச் சட்டி தெரியாமலிருக்க
முதுகுக்குப் பின்னால் கட்டில் விரிப்பைத் தொங்கவிட்டேன்.
சாட்சிக்கு வருவேன் என்ற மரிசெல்
காலையில் மெசேஜ் அனுப்பியிருந்தாள்:
வீட்டுக் கடன் இருக்கிறது, கோபிக்காதே.
கோபிக்கவில்லை. கடன் எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியின் வக்கீல் அமைதியான மனிதர்.
"கூட்டல் பிழை யாருக்கும் வரும்.
நீங்கள் எண்ணிக்கையில் ஒருமுறையும் தவறியதில்லையா?"
"தவறியிருக்கிறேன்" என்றேன்.
சட்ட உதவிக்கு வந்த பிள்ளை ஜெனிதா
தன் சதுரத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.
"இரண்டாயிரத்துப் பதினான்கு, மார்ச் ஒன்பது.
ஒரு நுளம்பு குறைய மேலே அனுப்பிவிட்டேன்.
லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடி ஓடினேன்.
கதவில் தட்டி நிறுத்தினேன்.
என் பேரில் நானே அறிக்கை எழுதினேன்.
இந்தத் தாளின் பிழைக்கு
ஓடினது யார்?"

அவர் தண்ணீர் குடித்தார்.
அடுத்த கேள்வி என் சுகவீன லீவுகளைப் பற்றியது.

தீர்ப்பு எழுத்தில் வருமாம். நாள் சொல்லவில்லை.
விரிப்பைக் கழற்றி மடித்தேன்.
மூன்று மணி ஷிஃப்டுக்கு மார்க்கம் வீதி பஸ்,
சப்பாத்தெல்லாம் உப்புப் பனி.

ட்ரெவர் ஒரு தட்டோடு நின்றான்.
முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:
"நூற்றுப் பதினொன்றுதான் வருது. ஒருக்கா பார்ப்பியா?"
பார்த்தேன்.
ஈரத் துணியின் மடிப்புக்குள் கிடந்தது,
வளைந்த மூக்கு மட்டும் வெளியே.
கை நீட்டவில்லை.
"திரும்ப எண்ணு" என்றேன்.
கையுறையை மெதுவாகப் போட்டுக்கொண்டு
பக்கத்தில் நின்றேன்.