வெற்று லோரியின் எடை

ஜனவரியில் மணிலா அட்டை வாங்கி
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.
எட்டு மணி கணிதம், ஒன்பது தமிழ்,
பத்துக்கு மலாய், பத்தரைக்கு மைலோ.
பிப்ரவரிக்குள்
மைலோ மட்டும் நேரத்துக்கு நடந்தது.

கவிநேஷ் உட்கார மாட்டான்.
பள்ளிக்கூடத்தில் எழுதி அனுப்பிய புகாரும் அதுதான்.
கேட்டில் ஒரு கால், லோங்காங் விளிம்பில் ஒரு கால்,
அப்படி நின்றால் ஏழாம் வாய்ப்பாடு
பிசகாமல் வரும்.
நாற்காலியில் இருத்தினால்
ஏழிரண்டு எவ்வளவு என்று
என்னையே கேட்பான்.

லோஷினிக்கு என் குரலே இடைஞ்சல்.
"கொஞ்சம் பேசாம இருங்கம்மா, நான் பாத்துக்கிறேன்."
பார்ப்பாள்.
ஒரு பின்னத்தை அரை மணி நேரம்,
பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்ப்பதுபோல,
தானாக வரட்டும் என்று.

அவனுக்குப் பலித்ததே என்று
ஒருநாள் அவளையும் செம்பனைக்குள் கூட்டிப்போனேன்.
விழுந்த மட்டைகளை எண்ணி
மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று.
முள் ஏறியது. குளவி வேறு.
வீடு வரும்வரை அழுதாள்,
சத்தமில்லாமல்.

அட்டையைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகினேன்.
எறிய மனம் வரவில்லை,
மார்க்கர் ஆறு ரிங்கிட்.

பகாவைத் தாண்டி, ஆலையின் எடைப்பாலத்தில்
எனக்கு இரவு வேலை.
குலைகளோடு ஏறும் லோரியை ஒரு தரம் நிறுப்பேன்,
கொட்டிவிட்டு வரும்போது இன்னொரு தரம்.
ஆ செங்கின் பழைய ஹினோ சும்மாவே ஏழு டன்.
சன்னாசியின் புது லோரி ஐந்தரைதான்.
புதிதாய் வந்த கிராணிப் பையன் ஒருவன்
அவசரத்தில்
எல்லா லோரிக்கும் ஒரே கழிவைப் போட்டான்.
மாதக் கடைசியில் எவன் கணக்கும் நேராகவில்லை.
"வண்டிக்கு வண்டி வேறடா" என்று
பிடித்துத் திட்டியது நான்தான்.

நான்தான்.

இப்போது பழைய சீட்டுகளின் நகல்களை
வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.
கவிநேஷ் கூடம் முழுக்கப் பரப்பி
ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிக் கழிக்கிறான்.
கீழ் வீட்டில் ஆள் இல்லாதது நல்லதாயிற்று.
லோஷினி அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.
விடைகள் கதவிடுக்கு வழியாக வரும்.
சில நாள் வரவே வராது.
அந்த நாள்களுக்கு இன்னும்
வழி கண்டுபிடிக்கவில்லை நான்.
கல்வி இலாகாவிலிருந்து வரவேண்டிய
விலக்குக் கடிதமும் வந்தபாடில்லை.

நேற்று ஒரு சீட்டு வந்தது.
கணக்கில்லை, கேள்வி:
"நீங்க சின்னப் பிள்ளையில எப்படிப் படிச்சீங்க?"

பயந்து, என்று எழுதினேன்.
அடித்தேன்.
அடித்தது தெரிகிறதா என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
தெரிந்தது.

கதவுக்கு இந்தப் பக்கம்
சீட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பத்தரை தாண்டிவிட்டது.
மைலோ மேல் ஆடை படிகிறது.