தலையில் புள்ளி வைத்த எழுத்து

கிளைபேடாவில், துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில்,
பதிவு அலுவலகத்துக்கு நாலு கட்டிடம் தள்ளி
என் நகல் கடை.
பக்கத்துக்குப் பதினைந்து சென்ட்.
ஆலோசனை இலவசம்; அதனால் யாரும் கேட்பதில்லை.

கேட்டால் சொல்வேன்:
படிவத்தை இணையத்தில் திறந்தபடியே நிரப்பாதீர்கள்.
முதலில் இறக்கி வையுங்கள், பேர் வையுங்கள், பிறகு தொடுங்கள்.
'இறுதி' என்று மட்டும் பேர் வைக்காதீர்கள்,
'இறுதி இரண்டு' பிறந்தே தீரும்.

கறுப்புப் பட்டை போட்டால் மறைந்தது என்று நம்பாதீர்கள்.
மீன் கம்பெனி கெஸ்துடிஸ் அப்படித்தான்
ஒப்பந்தத்தில் ஒரு தொகையின் மேல் பட்டை இழுத்து அனுப்பினார்.
எதிர்த்தரப்பு அந்த இடத்தைத் தேய்த்து, நகலெடுத்து,
வேறு தாளில் ஒட்டியது.
தொகை தூக்கம் கலைந்ததுபோல் எழுந்து வந்தது.
மறைப்பது வேறு, அழிப்பது வேறு என்று நான் விளக்கியபோது
பக்கத்தில் அவர் மனைவியும் இருந்தாள்.
ஏன் அவர் காது அப்படிச் சிவந்தது,
எனக்கென்ன தெரியும்.

வைவா வந்தது கடை மூடப் பத்து நிமிடம் இருக்கையில்.
நவம்பர் மழை. கையுறைக்குள் பென் டிரைவ்.
பெயர் மாற்றப் படிவம், மூன்று பக்கம்.
"அச்சு மட்டும் போதும்."

இங்கே பெண்ணின் குடும்பப் பெயருக்கு வால் உண்டு.
அப்பா வீட்டில் ஒரு வால், கணவன் வீட்டில் ஒரு வால்.
இரண்டும் வேண்டாமென்றால் நறுக்கிவிட்டு
ஒற்றை எழுத்தில் நின்றுகொள்ளலாம்.
தலையில் புள்ளி வைத்த எழுத்து அது.
யார் வீட்டுப் பெண் என்று அது சொல்லாது.

பதினெட்டு வருடம் நொர்வைஷியேனே.
இனி நொர்வைஷே.
"அவன் பெயரை ஏன் விடவில்லை என்றுதானே?
கிளினிக் பலகை வெண்கலம். காசு நான் கொடுத்தது.
நடுவில் மூன்றெழுத்தைச் சுரண்டினால் போதும்."
பல் மருத்துவர். சுரண்டத் தெரியும்.

தாள் வந்தது.
கொக்கி வைத்த எழுத்துவரை சரி.
கடைசியில், அந்த ஒற்றை எழுத்து நிற்க வேண்டிய இடத்தில்
ஒரு வெற்றுச் சதுரம்.

பல் விழுந்த இடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"இது ஐந்தாவது தடவை.
திரையில் இருக்கிறது. தாளில் இல்லை."

கோப்பின் பண்புகளைத் திறந்தேன்.
உருவாக்கியவர்: ர. மஜெய்கா. ஆண்டு இரண்டாயிரத்து ஒன்பது.
எழுத்துருவை உள்ளே வைத்து அனுப்ப மறந்த மனிதர்.
அவர் கணினியில் அந்த எழுத்து இருந்திருக்கும்.
தன்னிடம் இருப்பது எல்லாரிடமும் இருக்கும் என்று
நினைத்துவிட்டார், பாவம்.
பயணம் போகிற கோப்பு
தன் எழுத்தைத் தானே சுமந்து போக வேண்டும்.
இல்லையென்றால் போன இடத்தில் கிடைத்ததை உடுத்தும்,
கிடைக்காத இடத்தில் சதுரமாக நிற்கும்.

எழுத்துருவை மாற்றினேன், உள்ளே பொதித்தேன்.
வழக்கம்போல் எச்சரித்தேன்:
"இனி தட்டையாக்கப் போகிறேன். அப்புறம் திருத்த முடியாது.
நிரப்பாத பிரதி ஒன்று வைத்திருக்கிறீர்களா?"
"எதற்கு?"
எதற்கு என்று எனக்கும் சட்டென்று தோன்றவில்லை.
"தட்டையாக்குங்கள்."

புதுத் தாளின் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.
தூசி இல்லை.

கையெழுத்து நீல மையில் போடுங்கள் என்றேன்,
கறுப்பில் போட்டால் நகல் என்று திருப்பி அனுப்புவார்கள்.
என் பேனாவை வாங்கி,
வீணான தாளின் முதுகில் போட்டுப் பார்த்தாள்.
மூன்று தடவை கை
பழைய வாலுக்கு ஓடியது.
நாலாவதில் நின்றது.
ஐம்பது சென்ட் வைத்தாள்,
ஐந்து பாக்கி வாங்காமல் மழைக்குள் போனாள்.

அந்தத் தாளை
மறுபக்கத்துக்கு ஆகும் என்று தட்டில் வைக்கவில்லை.
துண்டாக்கும் இயந்திரத்தில் விட்டேன்.
கொஞ்சம் திணறியது,
ஏதோ ஸ்டேப்லர் பின்.