எந்தப் பம்பு

கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது.
பின்னால் இருபது பார் ஐஸ்,
முன்னால் கொதிக்கிற இன்ஜின்.
காசிமேட்டில் பதினாறுக்குத்தான்
காசு தந்தார்கள்.

ராத்திரி சந்திலேயே பானெட்டைத் தூக்கினேன்.
ஜெபசீலி செல்போன் டார்ச் பிடித்தாள்.
கொசு அடிக்கும்போதெல்லாம் வெளிச்சம்
எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போய்வந்தது.
ஐந்து போல்ட்டில் நாலு சொன்னபடி கேட்டன.
ஐந்தாவது உப்புக்காற்றில் ஊறியது.
டீசல் விட்டுக் காத்திருந்து
ஒரு தட்டு, ஒரு கெட்ட வார்த்தை.
"பசங்க தூங்குது."
இன்னொரு தட்டு.

கைக்கு வந்த பழைய பம்பு
விழப்போகிற பல்லாக ஆடியது.
ஒட்டியிருந்த பாக்கிங்கை பிளேடால்
சுரண்டச் சுரண்ட
மணி மூன்றரை.
குடங்கள் வந்துவிட்டன.

"வண்டிய எடுப்பா, தண்ணி வர்ற நேரம்."
"பம்பு மாத்துறேங்க்கா."
"அப்ப இதையும் மாத்திக் குடு"
அடிபம்பின் கைப்பிடியில் தொங்கியபடி
ரஹமத் அக்கா.
பதினோரு அடிக்கு ஒரு சொம்பு.
சந்தே சிரித்தது.
நான் தரையில் போல்ட்டைத் தடவினேன்.

புதுசு உட்கார்ந்தது.
ரேடியேட்டர் வாய் திறந்து நின்றது.
வரிசையில் எங்கள் குடம் பதினாலாவது.
கேட்கவும் வாய் வரவில்லை.
அக்கா தன் முதல் குடத்தை
இடுப்போடு கொண்டுவந்து
"ஊத்து, வழியாவது கெடைக்கட்டும்" என்றாள்.
மஞ்சளாக, துரு வாசனையோடு,
மடக்மடக்கென்று குடித்தது.

இப்போது மறுபடி கேட் மூடியிருக்கிறது.
சிக்னலைப் பார்க்கவில்லை,
ஹீட் முள்ளையே பார்க்கிறேன்.
பாதியில் நிற்கிறது.
பாக்கெட்டில் ஒரு வாஷர் மீந்திருக்கிறது,
எதனுடையது என்று தெரியவில்லை.