மூலை இல்லாத வீடு

படிவத்தில் கேட்டிருந்தது,
கிழக்குச் சுவர் எத்தனை அடி.
ஒரு கோடு போட்டேன்.
எழுத்தர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"சுவரே இல்லாமலா?"
இருக்கிறது சார்,
சாய்ந்து சாய்ந்து அதுவே கூரையாகிவிடுகிறது.

மன்னவனூரில் தை பிறந்தால்
வாளித் தண்ணீர்மேல் கண்ணாடி படியும்.
காற்றுக்கு உதைக்க ஒரு மூலை கொடுத்தால்
ராத்திரி முழுக்க உதைக்கும்.
அதனால் கவிழ்த்த சட்டி.
தோண்டிய மண்ணையே சாக்கில் அடைத்து
வட்டத்தின் மேல் வட்டம்,
இடையிடையே முள்கம்பி.
சிமென்ட் பதினொரு மூட்டையோடு நின்றது.
சவரிமுத்து தூக்குக்குண்டைப் பைக்குள் போட்டுவிட்டு
நடு முளையில் கட்டிய சங்கிலியைப் பிடித்துச் சுற்றிவந்தான்.
"மாடு மேயிற கணக்குதானே இது!"

தெற்கே ஒரே பெரிய ஜன்னல்.
பகல் வெயிலைத் தரை விழுங்கி
விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாய் விடும்.
பாதி விறகு போதும் என்றது என் கணக்கு.

கணக்கில் வராதது பீரோ.
மாமனார் கொடுத்த இரும்பு பீரோ,
எங்கே நிறுத்தினாலும்
முதுகுக்குப் பின்னால் பிறை அளவு இருட்டு.

வராத இன்னொன்று:
குடிவந்த அன்று
அந்தக் கோடியில் பாய் விரித்தபடி
லில்லிபுஷ்பம் தனக்குள் முணுமுணுத்தது
கூரையோடு வளைந்து வந்து
என் காதில் இறங்கியது.
"இந்த ஆளுக்கு எல்லாமே கோணல்."

வெளியே உறைபனி. உள்ளே பதினாறு டிகிரி.
நான் சுவரிடம் மெல்லத்தான் சொன்னேன்:
ஒரு கோணம்கூட இல்லையே,
கோணல் எங்கிருந்து வரும்?

பதில் இல்லை.
பீரோ திறக்கும் சத்தம் மட்டும்,
என் தலைமாட்டிலேயே திறந்த மாதிரி.